தொட்டி வாயில் படுத்தவள்

“என் தம்பியைச் சாகவிட்டது நீங்கதான்.”

மழித்த தலையோடு தவசிலிங்கம் அறை வாசலில் நின்றான். தலையில் பூசிய சந்தனம் இன்னும் உதிரவில்லை.

சந்தனமாரி எழுந்தாள். நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

“நான் இறங்கியிருந்தா அவன் இன்னைக்கு உசுரோட இருப்பான்.”

“இருந்திருக்க மாட்டான்.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப லோடு இறக்குற வேலையை விட்டுட்டு என்கூட வாங்க. நீங்களே பாத்துக்குங்க.”

தவசிலிங்கம் அவளை முறைத்தான்.

“வர்றேன். ஆனா உங்ககிட்ட படிக்க வரலை. உங்க தப்பைக் கண்டுபிடிக்க வர்றேன்.”

“அதுக்குத்தான் கூப்பிடுறேன்,” என்றாள்.

*

நடந்தது இதுதான்.

மிட்டாய்க்கும் சிப்ஸுக்கும் பிளாஸ்டிக் உறை அச்சடிக்கும் ஆலை அது. மையைக் கரைக்கவும் உருளைகளைக் கழுவவும் டொலுவீன் வேண்டும். பார்வைக்குத் தண்ணீர். வாசனை பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசனை. அதன் ஆவி அதிகம் உள்ளே போனால் புத்தி தடுமாறும். கழுவி முடித்த அழுக்கு டொலுவீன் தரைக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய வட்ட வாய் அதற்கு.

தொட்டியைக் காலிசெய்து மூடியைத் திறந்து போட்டார்கள். ஒரு பகல் காற்றாட விட்டார்கள். அது போதும் என்று சூப்பர்வைசர் நினைத்தான். அடியில் படிந்த மைச்சேற்றை அள்ள, தவசிலிங்கத்தின் தம்பி வெயிலுமுத்துவை இறக்கினான். சந்தனமாரிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி.

சேற்றைக் கிளறியதும் அதற்குள் இருந்ததெல்லாம் ஆவியாக எழுந்தது. வெயிலுமுத்து விழுந்தான்.

கூச்சல் கேட்டு முதலில் ஓடிவந்தவள் சந்தனமாரி. ஒருவன் ஏற்கனவே ஏணியில் காலை வைத்திருந்தான். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து எறிந்தாள். பிறகு அந்த வாயின் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

தவசிலிங்கம் லாரித் தளத்திலிருந்து வந்தபோது அவள் அங்கே படுத்திருந்தாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

அவன் அவளை இழுத்தான். அவள் வரவில்லை. மிதித்தான். அவள் வரவில்லை. “தம்பி! தம்பி!” என்று கத்திக்கொண்டே மிதித்தான். மற்றவர்களும் கத்தினார்கள்.

ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி மூச்சுக் கருவியோடு வந்தது. அப்போதுதான் அவள் எழுந்தாள். வந்தவர்கள் இறங்கி வெயிலுமுத்துவைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

அவனுடைய அம்மா ஆலை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். சூப்பர்வைசர் மேல் அல்ல. முதலாளி மேல் அல்ல. சந்தனமாரி மேல்.

*

முதல் நாள் தவசிலிங்கம் கேட்டான்.

“அன்னைக்குக் குழிப்பக்கம் வாடையே குறைஞ்சு போச்சு. போகப்போக எனக்கு ஒண்ணுமே தெரியலை. அப்பவே எந்திரிச்சு வழி விட்டிருக்கலாம்ல?”

சந்தனமாரி அவனை மை கலக்கும் அறை வாசலுக்கு அழைத்துப் போனாள். ஆவியை அளக்கும் கருவியை அவன் கழுத்தில் மாட்டினாள். திரையைப் பார்க்கவிடாமல் திருப்பிவைத்தாள்.

“வாடை நின்னதும் கையைத் தூக்குங்க.”

அவன் நின்றான். முதலில் மூக்கு எரிந்தது. பிறகு இனித்தது. சற்று நேரத்தில் கையைத் தூக்கினான்.

அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே வந்தபோது இருந்த எண்ணைவிட அது கூடியிருந்தது.

“கருவி கெட்டுப்போச்சு,” என்றான்.

வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். எண் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. மறுபடி உள்ளே கூட்டிப்போனாள். எண் ஏறியது.

“கெட்டது அது இல்ல,” என்றாள்.

தவசிலிங்கம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

*

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“கிடைச்சுச்சா?”

“இன்னும் இல்ல.”

“தேடு. கிடைக்காம போகாது. பெத்தவ வயிறு சொல்லுது.”

*

“ஈரத்துண்டை மூக்குல கட்டிக்கிட்டு இறங்குறேன்னு அன்னைக்கே சொன்னேன்.”

சந்தனமாரி ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். அவன் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். கண்ணை மூடச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“என்ன அறுக்கிறேன்?”

“எலுமிச்சங்காய்.”

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். “வாடை வந்தா அதுவும் வரும்,” என்றாள்.

தவசிலிங்கம் துண்டை அவிழ்த்துத் தரையில் அடித்தான்.

*

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியிருப்பேன். கிணத்துல முங்கி மண்ணெடுத்தவன் நான்.”

ஆலையின் பின்புறம் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. இன்னும் தண்ணீர் விடவில்லை. உள்ளே நல்ல காற்று. சந்தனமாரி அதை முதலில் கருவியால் அளந்தாள். பிறகு ஒரு மணல் மூட்டையைக் கயிறு கட்டி அடியில் இறக்கினாள்.

“மூச்சைப் பிடிங்க. இறங்குங்க. தூக்கிட்டு வாங்க.”

அவன் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்கினான். மூட்டையைத் தோளில் போட்டான். ஏணியில் இரண்டு கால் வைத்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

மறுபடி இறங்கினான். மறுபடி வாய் திறந்தது.

அடுத்த தடவை மூட்டையை மேலே கொண்டுவந்தே தீருவது என்று பல்லைக் கடித்தான். பாதி ஏணியில் கண் இருட்டியது. மூட்டை நழுவி விழுந்து கிழிந்தது.

மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நல்ல காற்று உள்ளே போனது, வெளியே வந்தது.

மேலே இருந்து சந்தனமாரி கேட்டாள்.

“வெயிலுமுத்து இதைவிடக் கனமா?”

அன்று வெகுநேரம் அவன் மேலே ஏறி வரவில்லை.

*

ஆலைக்கு இரண்டு மூச்சுக் கருவிகள் வந்தன. முதுகில் மாட்டும் காற்று உருளை, முகத்தை மூடும் கவசம். வெயிலுமுத்து இருக்கும்போதே சந்தனமாரி கேட்டிருந்தாள். அவன் செத்த பிறகு முதலாளி வாங்கினார்.

தொழிலாளிகள் அதற்கு ‘வெயில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“வெயிலைத் துடைச்சு வச்சியா?”

“வெயில்ல காத்து குறையுது பாரு.”

முதல் தடவை அதைக் கேட்டபோது தவசிலிங்கம் பீர்முகமதின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். பீர்முகமது அவனோடு லோடு இறக்கியவன். அவன் கையைத் தட்டிவிடவில்லை.

“மறக்கக்கூடாதுன்னுதான்ணே வச்சோம்,” என்றான்.

தவசிலிங்கம் சட்டையை விட்டான். பிறகு அவனே அதைத் தினமும் துடைத்தான். மாட்டிப் பழகினான். கவசத்துக்குள் தன் மூச்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

*

கடைசியில் ஒன்று கிடைத்தது என்று நினைத்தான்.

“மேடம். அன்னைக்குப் பீரு ஃபேன் கொண்டு வந்தான். பெரிய ஃபேன். குழிக்குள்ள காத்தடிச்சிருந்தா அவனுக்கு மூச்சு கிடைச்சிருக்கும். படுத்த வாக்குலயே கத்துனீங்க, பிளக்குல சொருகாதேன்னு. ஏன்?”

அவன் குரலில் நடுக்கம் இருந்தது. பிடித்துவிட்டோம் என்ற நடுக்கம்.

சந்தனமாரி அவனை மதிலுக்கு வெளியே, பொட்டல் காட்டுக்குக் கூட்டிப்போனாள். பீர்முகமதுவையும் மணல் வாளிகளோடு வரச்சொன்னாள். காற்று இல்லாத காலை.

ஒரு நீளத் தகரக் குழாயை, மழைத்தண்ணீர் வடிய வீட்டுக் கூரையில் கட்டுவார்களே, அந்தத் திறந்த குழாயைச் சரிவாகச் சாய்த்துவைத்தாள். கீழ் முனையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள். மேல் முனையில் டொலுவீனில் நனைத்த சின்னத் துணியை வைத்தாள். தள்ளி நிற்கச் சொன்னாள்.

நின்றார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

“என்ன மேடம் இது?” என்றான் தவசிலிங்கம்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் மெழுகுவத்தியிலிருந்து ஒரு நெருப்பு குதித்தது. வெற்றுத் தகரத்தின் மேல் ஓடியது. கீழிருந்து மேலே ஓடித் துணியைக் கவ்வியது.

பீர்முகமது மணலைக் கொட்டினான்.

“தீ எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“கீழ.”

“துணி?”

“மேல.”

“நடுவுல?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த ஒண்ணுமில்லாததுலதான் அது நடந்து வந்துச்சு. அது காத்தைவிடக் கனம். மேல போகாது. தரையோட தவழும். அன்னைக்கு நம்ம காலைச் சுத்தி எல்லாம் அதுதான் கிடந்துச்சு. பிளக்குல சொருகுறப்ப ஒரு சின்னப் பொறி வரும், பாத்திருப்பீங்க.”

தவசிலிங்கம் கருகிய துணியைப் பார்த்தான்.

“அன்னைக்கு அங்க எத்தனை பேர் நின்னீங்க?” என்றாள்.

“எல்லாரும் நின்னோம்.”

பீர்முகமது வாளியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டான். ஃபேனைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

*

“கிடைச்சுச்சா?” என்றாள் அம்மா.

தவசிலிங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்னத்தாண்டா. கிடைச்சுச்சா?”

“அவங்க மேல தப்பு இல்லம்மா.”

அம்மா எழுந்தாள். அவன் தட்டை எடுத்து, சோற்றைக் கோழிக்குக் கொட்டினாள்.

“ஒருத்தன் குழிக்குள்ள செத்தான். நீ வெளிய நின்னு செத்துட்ட,” என்றாள்.

அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன் பீர்முகமதின் வீட்டில் சாப்பிட்டான்.

*

அவன் தப்பைத் தேடுவதை விட்டான். வேலையைச் செய்தான்.

பீப்பாயிலிருந்து டொலுவீனை ஊற்றும் முன், மின்பொறி பறக்காமல் இருக்க, இரண்டு பாத்திரத்தையும் செப்புக் கம்பியால் பூமியோடு இணைத்தான். பிளாஸ்டிக் வாளியில் பிடிக்க வந்தவனின் வாளியைப் பிடுங்கி உடைத்தான். நைலான் சட்டை போட்டு வந்தவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். டொலுவீனில் கை கழுவும் பழக்கம் உள்ளவர்களின் வெடித்த விரல்களைப் பிடித்துச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டான்.

அவனைப் பின்னால் திட்டினார்கள்.

சந்தனமாரி பாராட்டவில்லை. ஒரு நாள் அவன் கேட்டான்.

“நீங்க பயப்படவே மாட்டீங்களா மேடம்?”

அவள் அவனை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு பீப்பாய் மூடியைத் திருகி இறுக்கினாள்.

கல் மனசு இவளுக்கு, என்று அவன் நினைத்துக்கொண்டான். கல்லாக இருந்தால்தான் இந்த வேலை ஆகும்போலிருக்கிறது. எனக்கு இன்னும் அது வரவில்லை.

*

கோடை தொடங்கியபோது டொலுவீன் ஏற்றிய டாங்கர் லாரி ஒன்று வந்தது. சரக்கை இறக்கினார்கள். அளவு பார்க்கும் பித்தளைக் கோல் டாங்கருக்குள் விழுந்துவிட்டது. லாரிக் கிளீனர் அத்தியப்பன் நாமக்கல் பக்கத்துக்காரன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். காலி டாங்கர்தானே என்று அத்தியப்பன் கோலை எடுக்க உள்ளே இறங்கினான்.

டாங்கர் காலிதான். ஆவி காலியாகவில்லை.

மேல் மூடி திறந்து கிடந்ததைப் பார்த்தவன் பீர்முகமது. கத்தினான்.

தவசிலிங்கமும் சந்தனமாரியும் ஒரே நேரத்தில் வந்தார்கள். டிரைவர் கிளாசை எறிந்துவிட்டு ஓடிவந்தான். அவனை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கும் வாயடைத்துப்போயிருந்தது. யாரும் கத்தவில்லை. எல்லாரையும் பழக்கிவைத்திருந்தார்கள்.

அந்த அமைதியில் அது கேட்டது.

டங்.

டாங்கரின் உள்ளிருந்து ஒரு தட்டல்.

டங். டங்.

தவசிலிங்கம் சந்தனமாரியைப் பார்த்தான், என்ன செய்யச் சொல்கிறாள் என்று.

அவள் அங்கே இல்லை. டாங்கரின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். முகத்தில் கவசம் இல்லை. இடுப்பில் கயிறு இல்லை.

“மேடம்!”

அவள் திரும்பவில்லை. மேலே போய்விட்டாள். வாய்க்குள் ஒரு காலை இறக்கிவிட்டாள்.

தவசிலிங்கம் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இழுத்து, டாங்கரின் முதுகில் அவளோடு சேர்ந்து விழுந்தான்.

“விடுங்க!”

“விட மாட்டேன்.”

“தட்டுறான்! தவசி, அவன் தட்டுறான்!”

“கேக்குது மேடம்.”

“விடுடா!”

அவள் அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் தூக்கிக் கத்தினான்.

“பீரு! வெயிலை மாட்டு! இன்னொரு வெயிலை மாட்டிக்கிட்டு ஒருத்தன் வாயில நில்லு! கயிறு, கயிறு!”

பீர்முகமது கவசத்தை மாட்டினான். பட்டையை இழுத்தான். உள்ளங்கையால் அழுத்திக் காற்று கசிகிறதா என்று பார்த்தான்.

டங்.

கயிற்றைக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

பிறகு தட்டல் நின்றது.

சந்தனமாரி ஓசையில்லாமல் வாயைத் திறந்தாள். தவசிலிங்கத்தின் கைகளுக்குள் அவள் உடம்பு விறைத்துக்கொண்டது. அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பீர்முகமது இறங்கினான்.

கயிறு ஆடியது. மேலே நின்றவர்கள் இழுத்தார்கள். முதலில் ஒரு தலை வந்தது. நீலம் பாய்ந்த முகம். ஒருவனுடைய வேட்டியை வாங்கித் தரையில் விரித்துப் படுக்கவைத்தார்கள். நனைந்த சட்டையைக் கிழித்து எறிந்தார்கள். ஒருவன் மூக்கருகில் காதைவைத்துக் கேட்டான்.

“இருக்கு. மூச்சு இருக்கு.”

ஆம்புலன்ஸ் வந்தது.

அத்தியப்பன் பிழைத்தான். நடை மட்டும் வெகுகாலம் தள்ளாடியது என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

*

எல்லாரும் போன பிறகு மணல் வாளிகளின் பக்கத்தில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். பீர்முகமது கொண்டுவந்த டீயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை.

தவசிலிங்கம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

“நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம். நீங்களே ஓடிட்டீங்க.”

“ஆமா.”

“எனக்கும்தான் தட்டுறது கேட்டுச்சு. நான் நின்னேன்.”

“உங்களுக்கு இது முதல் தடவை,” என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. வாயில் படுத்திருந்தவள் இவள். சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து வந்தது இவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“தம்பி விழுந்த உடனே நினைவு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு,” என்றான்.

சந்தனமாரி டீயைத் தரையில் வைத்தாள்.

“டாக்டர் சொல்லலையா மேடம்? உடனே போயிருச்சுன்னுதானே சொன்னாரு?”

“டாக்டர் அங்க இல்ல.”

மதிலுக்கு அப்பால் ஒரு பஸ் போனது.

“பேசினானா?”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

“என்ன பேசினான்?”

“தவசி. இதைக் கேட்டு வாங்கிக்கிட்டா திருப்பிக் கொடுக்க முடியாது.”

“சொல்லுங்க.”

“உங்க குரல் அவனுக்குக் கேட்டுச்சு. அதுக்குப் பதில் சொன்னான். ‘அண்ணே, ஏணியைக் காணோம்’னான்.”

தவசிலிங்கம் கையில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினான்.

“ஏணி எங்க இருந்துச்சு?”

“அவன் கையில. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் கேட்டான்.”